வராந்தாவுல ஒம்போது துப்பாக்கி, உள்ள பதினெட்டுப் புள்ளைங்க

புதுசா ஆர்டர் வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கற கண்ணுங்களா, மொதல்ல முதுகச் சாச்சு உக்காருங்க. நான் பரீட்சை வெக்க வரல. எனக்கே மூணாங்கிளாஸ்தான். அதுலயும் பாதி நாளு நான் மாடு மேய்க்கப் போயிட்டேன், மீதிப் பாதி நாளு வாத்தியாரு மாடு மேய்க்கப் போயிட்டாரு. அந்தப் படிப்ப வெச்சுக்கிட்டு அங்கன்வாடியில இருபத்தெட்டு வருசம் ஆயாவா இருந்து, சால்வை வாங்கிட்டு ஊடு வந்து சேந்தவ.

கை கழுவறது எப்படி, சத்துமாவு எத்தன கரண்டி, எடை போடறப்ப புள்ள செருப்பக் கழட்டிருச்சா, இதெல்லாம் மேடம் உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. நல்லதுதான். ஆனா காத்தால போயிக் கதவத் தொறக்கறப்ப வராந்தாவுல ஒம்போது துப்பாக்கி சாஞ்சு நின்னா என்ன பண்ணோணும்னு அந்தப் பொஸ்தகத்துல இருக்குதா? பொரட்டிப் பாருங்க. இருக்காது. அதுக்குத்தான் என்னைய இந்த நாற்காலியில உக்கார வெச்சிருக்காங்க.

எங்கூரு கரடியூருக்கு அக்கட்டால. பஸ்ஸு திரும்பற எடத்துல எறங்கி, காப்பித் தோட்டத்துக்குள்ளயே நடக்கோணும். எங்கூருல யாருகிட்டயும் துப்பாக்கி கெடையாது கண்ணு. சத்தம் மட்டும் கேக்கும். சாமை கதிரு புடிக்கறப்பக் கேக்கும், பலா பழுக்கறப்பக் கேக்கும், எங்கியாச்சும் ஒறம்பரை வந்து கறி வேணும்னாலும் கேக்கும். போலீசு வந்து கேட்டா இடின்னு சொல்லுவோம். சித்திரை வெயில்லயும் எங்கூருல இடி இடிக்கும்.

காட்டுப்பன்னி ஒரு ராத்திரியில ஒரு வருசப் பாட்டையும் மேஞ்சுட்டுப் போயிரும், அது நெசந்தான். அதுக்காக வெச்சிருக்கோம்னு மனசுக்குள்ள சொல்லிக்குவாங்க. ஆனா பன்னிக்கு வெச்ச ரவை பன்னிக்கே போவுமா? ஒருத்தன் தொடையில ரவையோட பெரியாஸ்பத்திரிக்குப் போயி, பாறையில வழுக்கிட்டேன்னு சொல்லியிருக்கான். டாக்டரு நோண்டி நோண்டி ஈயத்த எடுத்து தட்டுல போட்டுட்டு, "உங்கூருப் பாறை ஈயத்துலயாப்பா இருக்குது?"ன்னாராம். சிரிக்கறீங்க. நானும் சிரிச்சேன்.

அடுத்த வருசம் பலா மரத்தடியில குனிஞ்சு பழம் பொறுக்கிட்டிருந்த மனுசனப் பன்னின்னு நெனச்சுட்டாங்க. ஆளு போயிட்டான். மரத்துல இருந்து வுழுந்துட்டான்னு ஊரே ஒரு வாயாச் சொல்லுச்சு. அவன் புள்ள என்ற சென்டர்லதான் இருந்துச்சு. எங்கப்பன் எந்தக் கெளையில இருந்து வுழுந்துச்சு ஆயான்னு கேட்டுச்சு. நான் கையக் காட்டி, அதா அந்தக் கெளைன்னு சொன்னேன். என்ற வேலையில நான் பண்ணுன தப்புல பெரிய தப்பு அதுதான். மாவு கரிஞ்சா வேற மாவு கிண்டிக்கலாம். புள்ளைகிட்ட ஊரு சொன்ன பொய்ய நாமளும் சொன்னமுன்னா, அதெ அள்ளறதுக்குக் கரண்டி கெடையாது.

அந்தச் சாவுக்கு அப்பறந்தான் இன்ஸ்பெக்டரு ஊருக்கு வந்தாரு. சின்ன வயசு, நல்ல புள்ள. ஒண்டிக்கடை முக்குல அடிச்ச பிளெக்ஸ் ஒண்ண ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல கட்டிட்டுப் பேசுனாரு. கள்ளத் துப்பாக்கிய ஒப்படைச்சிருங்க, பேரு வேண்டாம், கேஸு கெடையாது, கையில குடுக்கோணும்னுகூட இல்ல, கெடு முடியறதுக்குள்ள ஒரு கவருமெண்டு கட்டடத்துல வெச்சுட்டுப் போயிருங்க, நாங்க வந்து எடுத்துக்கறோம்னாரு. பள்ளிக்கூடத்துல கேமரா இருக்குது. ரேசன் கடையில வெச்சா எடை போட்டுக் கொறச்சிருவாங்க. மீதி இருந்தது என்ற அங்கன்வாடிதான். கேட்டு கெடையாது, கேமரா கெடையாது, படிக்கத் தெரியாத ஆயா ஒருத்தி. இதவிட வசதி எங்க கெடைக்கும்?

ஒரு வாரம் போச்சு. ஒருத்தனும் வெக்கல. இருந்தாத்தான வெக்க. இன்ஸ்பெக்டரு மறுபடி வந்தாரு. மெரட்டல, திட்டல. டீக்கடையில டீ குடிச்சுட்டு, பக்கத்தூருல பதினொண்ணு வந்திருக்குதுன்னு பொட்டாட்டச் சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாரு.

அவ்வளவுதான் சாமி. அதுவரைக்கும் துப்பாக்கின்னா கறுப்பா செவப்பான்னு கேட்ட ஆளுங்க, அன்னிக்குப் பொழுதோட டீக்கடையில உக்காந்துட்டு, என்ற தாத்தன் துரைகூட வேட்டைக்குப் போன துப்பாக்கி, என்ற பாட்டன் காட்டுமாட்ட ஒரே வெடியில சாச்ச துப்பாக்கின்னு அளக்கறாங்க. பக்கத்தூரு பதினொண்ணு, நாம சைபரா, நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா என்ன மருவாதைன்னு ஒருத்தன் கேட்டான். ஊட்டுல துப்பாக்கி இல்லாதவனுக்கு அவமானமாப் போச்சு. அதுல ஒருத்தன் சரிவுக்குக் கீழ இருக்கற கொல்லருகிட்டப் போயிப் புதுசா ஒண்ணு பண்ணித் தரச் சொல்லியிருக்கான்.

கொல்லரு கேட்டாராம், "சுடோணுமா, ஒப்படைக்கோணுமா? ஒப்படைக்கறதுன்னா நாளைக்கே தர்றேன். சுடோணும்னா எட்டு நாளாகும்."

கெடுவோட கடைசி நாளு வந்துச்சு. நான் வெள்ளெனெ சாவியும் சீமாறுமாப் போறேன். வராந்தாச் சுவத்துல, வரிசையா, ஒம்போது. புள்ளைங்க வரிசையில நிக்கறதவிட ஒழுங்கா நிக்குது. ஒண்ணுக்கு மஞ்சக் குங்குமம் வெச்சு செவ்வந்திப் பூ சுத்தியிருக்குது, பொண்ண அனுப்பி வெக்கறவங்களாட்ட. ஒண்ணு பழைய சீலையில சுத்தி இருக்குது. கொல்லரு பண்ணுனது பச்ச பெயிண்டு காயாம சுவத்துல ஒட்டிக்கிச்சு.

டீச்சரு சேலத்துல இருந்து பஸ்ஸுல வர்ற புள்ள. வந்து பாத்துட்டுப் படியிலயே உக்காந்துருச்சு. எங்கூருல சிக்னலு ஒரே எடத்துலதான் கெடைக்கும், மொளகுக் கொடி ஏறுன மூணாவது மரத்துகிட்ட. அங்க போயி ரெண்டு போன் பண்ணுச்சு. ஸ்டேஷன்ல, பெரிய ஐயா பதினோரு மணிக்கு வர்றாரு, போட்டோக்காரங்க வர்றாங்க, வெச்சது வெச்ச மாதிரி இருக்கோணும், ஒண்ணையும் தொடக்கூடாதுன்னுட்டாங்க. சூப்பர்வைசர் அம்மா, இன்னிக்கு முட்டை நாளு, சென்டரு மூடக்கூடாது, பத்து மணிக்குள்ள புள்ளைங்க போட்டோவ சென்டர்ல வெச்சே எடுத்துப் போன்ல ஏத்தோணும்னுட்டாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க எடத்துல செரிதான். நடுவுல வராந்தா மட்டும்தான் செரியில்ல.

டீச்சரு என்னையப் பாத்து, "ஆயா, இதுல எதாச்சும் வெடிமருந்து கெட்டிச்சு இருக்குமா?"ன்னுச்சு.

அதுதான் கண்ணு கேள்வி. மத்ததெல்லாம் அப்பறம். பதினெட்டுப் புள்ளைங்க. மூணு வயசு, நாலு வயசு. கொய்யாக் குச்சி கெடைச்சாலே நீட்டி டுப்பு டுப்புன்னு ஆளாளுக்குச் சுட்டுக்கறதுங்க. நெசத் துப்பாக்கி ஒம்போதக் கண்டா சும்மா இருக்குமா?

புள்ளைங்க ஒண்ணொண்ணாக் கெளம்பி வர்ற நேரம். நான் டீச்சரப் பாதையிலயே நிறுத்தி, வர்ற புள்ளைங்களயெல்லாம் தாய்ங்க கையில இருந்து வாங்கி, சென்டருக்குப் பின்னால இருக்கற காப்பிக் களத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். களத்துல உக்கார வெச்சுப் பாட்டுச் சொல்லிக் குடு, நான் வந்து சொல்ற வரைக்கும் சென்டர்ப் பக்கமே வராதன்னேன். சொல்லிட்டு டீக்கடைக்குப் போனேன்.

போயி நேராக் கேட்டேன். இது ரெண்டாவது தப்பு. எதுலயாச்சும் மருந்து இருக்குதா சாமிங்களான்னு கேட்டா, யாரு வாயத் தொறப்பாங்க? மருந்து இருக்குதுன்னு சொன்னா துப்பாக்கி அவனுதுன்னு ஆயிருமே. அன்னிக்குப் பொழுதோட பாட்டன் கதை அளந்த ஆளு, தங்கராசுன்னு பேரு, எனக்கு மவன் மொறை ஆகோணும், என்ற மூஞ்சியப் பாத்து, "ஏனுங்க ஆயா, துப்பாக்கின்னா எப்படி இருக்குமுங்க?"ன்னான். மத்தவங்க டம்ளருக்குள்ள எதையோ தேடறாங்க.

திரும்பி ரெண்டு எட்டு வெச்சுட்டு, தானாப் பேசிக்கறவளாட்ட, ஆனா கடைக்கே கேக்கற மாதிரிப் பொலம்புனேன். என்னமோ போங்க, டீச்சருக்கு மேலிடத்து ஆர்டராம், புள்ளைங்கள சென்டர்லயே உக்கார வெச்சாச்சு, அதுங்க வராந்தாவுல போயி அதத் தொட்டுத் தொட்டுப் பாக்குதுங்க, நான் ஒத்தப் பொம்பள, உலைய வெப்பனா, புள்ளையப் புடிப்பனான்னு. சொல்லிட்டு வந்து, சீமாற மடியில வெச்சுக்கிட்டு வராந்தாப் படியில உக்காந்துட்டேன்.

கேட்டுக்கோங்க. வாயக் கேட்டா ஊரு பொய் சொல்லும். காலப் பாருங்க.

மொதல்ல தங்கராசு. லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு ஓடி வர்றான். அவன் புள்ள மலரு, மூணு வயசு. பொறந்ததுல இருந்து அவன் அந்தப் புள்ளைய சென்டருக்குக் கொண்டாந்து விட்டதும் கெடையாது, கூட்டிட்டுப் போனதும் கெடையாது.

"மலருக்குக் காச்சலுங்க ஆயா. கூட்டிட்டுப் போயிர்றேன்."

"காத்தால குதிச்சுட்டு வந்துச்சேப்பா."

"இப்பத்தானுங்க வந்துச்சு."

அவன் மூச்சு வாங்கி முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தன். ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குதாம், புள்ளையப் பாக்கோணுமாம். அடுத்தவன் மொட்டை அடிக்கறதுக்குக் கூட்டிட்டுப் போகோணும்னான், அந்தப் புள்ளைக்குப் போன மாசந்தான் மொட்டை அடிச்சாங்க. ஒருத்தனுக்குப் புள்ளையே கெடையாது, பக்கத்தூட்டுப் புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான். மொத்தம் ஏழு பேரு நிக்கறாங்க. அதுல ஏழாவது ஆளு புள்ளைக்கு நெசமாவே காச்ச, அவன் லீவு சொல்ல வந்தவன். அவன மட்டும் கஷாயம் வெச்சுக் குடுன்னு சொல்லித் தாட்டி விட்டேன்.

ஆறு பேரு.

எதோ ஒண்ணு கெட்டிச்சு இருக்கும்னு நெனச்சுத்தான் அந்த வேலை பண்ணுனேன். ஆறு பேரு ஓடி வருவாங்கன்னு நான் நெனைக்கல.

புள்ளைங்க உள்ள இல்ல, களத்துல பத்தரமா இருக்குதுங்கன்னு சொன்னேன். ஆறு பேரும் மூச்சு விட்டாங்க. விட்ட மூச்ச நான் முழுசா விட விடல. இப்ப நான் போயி அடுப்புல வெறகத் தள்ளிட்டு வர்றேன், எனக்குக் கண்ணும் மங்கல், காதும் மந்தம், திரும்பி வர்றப்ப மருந்து கெட்டிச்சதெல்லாம் எதுத்த சுவத்துல இருக்கோணும், யாருதுன்னு நான் கேக்கவும் மாட்டேன், சொன்னாலும் எனக்குக் கேக்காதுன்னேன்.

அடுப்புல வெறகு நல்லாத்தான் எரிஞ்சுட்டிருந்துச்சு. சித்தெ நேரம் அதையே பாத்துட்டு நின்னேன். திரும்பி வந்தா எதுத்த சுவத்துல ஆறு. ஆறு பேரும் சில்வர் மரத்து உச்சிய அண்ணாந்து பாத்துட்டு நிக்கறாங்க, அங்க என்னமோ தேனடை தொங்கறாப்பல. ஆறுல மொதல்ல நின்னது பூ வெச்சது.

"தங்கராசு, அந்தப் பூ வெச்சது எங்க இருந்துச்சு?"

"எனக்கெப்படிங்க தெரியும். யாராச்சும் ஊட்டுப் பரண் மேல இருந்திருக்குமுங்க."

"அந்தப் பரணுக்குக் கீழ யாருப்பா படுக்கறது?"

மரத்தப் பாத்துட்டிருந்த அஞ்சு பேரும் கீழ பாத்தாங்க.

"சொல்லு சாமி. யாரு படுக்கறது?"

"மலரு"ன்னான்.

"மூணு வருசமா அதுக்குக் கீழ தூங்குன புள்ளைக்கு வராத காச்ச, இங்க அரை மணி நேரத்துல வந்திருச்சா?"

அதுக்கு மேல கேக்கறதுக்கு எனக்கும் யோக்கியதை இல்ல. எங்கூட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப எங்கூட்டுலயும் இல்லாத துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. என்ற ரெண்டு புள்ளைங்களயும் அதுக்குக் கீழதான் தொட்டில் கட்டி ஆட்டுனேன். அதுல இருந்து நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. மழைக்காலத்துல மருந்து நனைஞ்சுருச்சுன்னா அது வெறும் ஊதாங்குழல்னு மனுசன் தலையில அடிச்சுக்குவாரு.

மாவு கரைக்கற ஜக்கு எடுத்தாந்தேன். தொடக்கூடாதுன்னு ஆர்டரு. நான் தொடல, தண்ணிதான் தொட்டுச்சு. அவங்க ஆறு பேரையும் துப்பாக்கிய நிமுத்திப் புடிச்சுக்கச் சொல்லி, குழாய்க்கு ஒரு டம்ளர் அளவா ஊத்துனேன். மீதி மூணு காலின்னு சொன்னாங்க, ஆனா அன்னிக்கு அவங்க சொன்னதுல நான் எதையுமே நம்பல, அதுலயும் ஊத்துனேன். கொல்லரு பண்ணுன பச்சைத் துப்பாக்கியில மேல ஊத்துனது கீழ நாலு பக்கமும் ஒழுகுச்சு. அது ஒண்ணுதான் அந்த ஒம்போதுல நல்ல சாதி. யாரையும் கொல்லாது, செடிக்குத் தண்ணி பாய்ச்சும்.

எல்லாத்தையும் பழைய எடத்துலயே நிறுத்துனோம். அப்பறந்தான் புள்ளைங்களப் பின் கதவு வழியா உள்ள கூட்டியாந்து, வராந்தாக் கதவச் சாத்தி நான் குறுக்க உக்காந்துக்கிட்டேன். டீச்சரு போட்டோ எடுத்து, மூணாவது மரத்துக்கு ஓடிப்போயி ஏத்துச்சு. போட்டோவுல ஜன்னல் வழியா ரெண்டு குழாய் நல்லாவே தெரியுது. புள்ளைங்க மொகம் தெரியுது, முட்டை தெரியுது, அதுபோதும்னு அந்தப் போனு பச்சை டிக்கு அடிச்சிருச்சு. படிச்ச மிசினு. நமக்கென்ன தெரியும்.

பெரிய ஐயா பதினொண்ணுக்கு வர்றேன்னவரு பன்னெண்டுக்கு வந்தாரு. கேமராக்காரங்க இப்படி நில்லுங்க சார், ஒண்ணக் கையில எடுங்க சார்னாங்க. அவரு நல்லா அலங்காரமா இருக்கறதா பாத்து, பூ வெச்சத எடுத்துத் தூக்கிச் சாய்ச்சாரு. தண்ணி சல்லுன்னு அவரு சட்டைக் கைக்குள்ள போயி முழங்கையில எறங்குச்சு. என்னய்யா இதுன்னு இன்ஸ்பெக்டரப் பாக்கறாரு. இன்ஸ்பெக்டரு என்னையப் பாக்கறாரு.

"பனிங்க ஐயா. எங்கூருப் பனி அப்படி எறங்கும்"னேன்.

அவரு கீழ் நாட்டுக்காரரு. மலையில பனி ஜாஸ்திதான்னு கேமராக்காரங்களுக்கே எடுத்துச் சொல்லிட்டு, வேற ஒண்ண எடுத்துக்கிட்டாரு. அதுலயும் பனி. நாலு வார்த்தை பேசுனாரு. தானா முன்வந்து ஒப்படைச்ச ஊரு, மத்த ஊருக்கெல்லாம் எடுத்துக்காட்டுன்னாரு. தங்கராசும் மத்தவங்களும் கை தட்டுனாங்க. தட்டிட்டு, பக்கத்தூரு பதினொண்ணு, நாம ஒம்போதுதான், அடுத்த தடவை விடக்கூடாதுன்னு அவங்களுக்குள்ளயே பேசிக்கறது என்ற மந்தக் காதுலயே வுழுந்துச்சு.

எல்லாரும் வண்டியில ஏறுன பொறகு இன்ஸ்பெக்டரு மட்டும் திரும்பி வந்தாரு. ஓரமா இருந்த ஜக்கப் பாத்தாரு. பின் கதவுகிட்டக் கெடந்த சின்னச் சின்னச் செருப்புங்களப் பாத்தாரு.

"ஆயா, எத்தனைல பனி எறங்க வேண்டியிருந்துச்சு?"

"ஆறுலங்க."

இன்ஸ்பெக்டருக்கு மொகம் வெளுத்துப் போச்சு. ஒண்ணும் எழுதல. செருப்ப எண்ணுனாருன்னு நெனைக்கறேன், ஒதடு அசைஞ்சுது. அப்பறம் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாரு.

ஆர்டர மீறுனதுக்கு எனக்கு மெமோ வரும்னு டீச்சரு பயந்துட்டே இருந்துச்சு. வரல. வந்திருந்தாலும் படிக்கத் தெரிஞ்சாத்தான. ஆனா உங்களுக்குப் படிக்கத் தெரியும், அதனால நீங்க நொம்ப சாக்கரதையா இருந்துக்கோங்க. ரெண்டு பக்கமும் ஆர்டரு வந்து நடுவுல புள்ளை நின்னா, எந்த ஆர்டரு பெரிசுன்னு யோசிக்காதீங்க. எந்தப் புள்ளை கிட்டக்க நிக்குதுன்னு பாருங்க.

பொழுதோட தாய்ங்க வந்து புள்ளைங்களக் கூட்டிட்டுப் போனாங்க. கடைசியா தங்கராசு பொண்டாட்டி செல்வி வந்துச்சு. மலர இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு, போகாம அங்கயே நிக்குது. முட்டை தின்னுச்சான்னு கேட்டுச்சு. தின்னுச்சுன்னேன். தூங்குச்சான்னு கேட்டுச்சு. தூங்குச்சுன்னேன். அப்பறம் தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டுச்சு.

"ஏனுங்க ஆயா, தண்ணி எம்புட்டு ஊத்துனீங்க?"

"ஒரு டம்ளரு. ஏன் கண்ணு?"

"பரண்ல இன்னொண்ணு இருக்குதுங்க. நல்லாச் சுடறது. அதத்தான் அவரு குடுக்கல."

நான் நிமுந்து பாத்தேன். அவளுக்குப் பொறத்தால இன்னும் ரெண்டு பொம்பளைங்க, புள்ளையக் கூப்பிட வந்தவங்களாட்ட நிக்கறாங்க. அவங்க புள்ளைங்க அப்பவே ஊட்டுக்குப் போயிருச்சுங்க.